மூன்றாவது சங்கு

அந்த ஊரில் இப்போது விமானம் இறங்குவதில்லை. ஓடுபாதையின் வடக்கு முனையில் மூன்று குண்டுக்குழிகள் இருக்கின்றன. மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் நிற்கும், ஆடுகள் வந்து குடிக்கும். ஆட்டுக்காரர்கள் மட்டும் தார்மேல் கால் வைக்காமல் ஓரத்திலிருந்தே கல்லெறிந்து அவற்றைத் திருப்புவார்கள். மேற்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் ஐந்து கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகிறார்கள். குறுக்கே நடந்தால், இருபக்கப் புல்லையும் சேர்த்து, நானூறு தப்படி.

வெளியூர்க்காரர் யாராவது "ஏன் இந்தப் பக்கமா போகக் கூடாதா?" என்று கேட்டால், ஊர்க்காரர்கள் "சங்குக்காரரைக் கேளுங்க" என்பார்கள். சங்குக்காரரைக் கேட்டால் அவர் சுற்றுவழியைக் கையால் காட்டுவார்.

யாரோ யாரோடோ போட்ட சண்டைக்காக ஏதோ ஒரு பட்டாளம் அவசரம் அவசரமாகப் போட்ட ஓடுபாதை அது. நேராக ஒரு கோடு தேவைப்பட்டது, போட்டார்கள். ஊர் நடுவே பிளந்துபோனதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. வீடுகளும் கடைகளும் கிழக்கே நின்றுவிட்டன, ஆஸ்பத்திரியும் மரமில்லும் மேற்கே போய்விட்டன. சண்டை முடிந்து பட்டாளம் போன பிறகு ஒரு விமானக் கம்பெனி வந்தது. கிழக்கு ஓரத்தில் தகரக்கூரை போட்ட ஒரு கூடம், நான்கு பெஞ்சு, மூட்டை நிறுக்கிற ஒரு தராசு. இவ்வளவுதான் விமான நிலையம். செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டரைக்குப் பத்தொன்பது இருக்கை விமானம் ஒன்று வரும். ஊர் அதற்கு வைத்த பெயர் தும்பி. தும்பியில் ஏறுகிறவர்களையும் மூட்டையோடு சேர்த்துத் தராசில் நிறுத்துவார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஒருமுறை தராசில் ஏறியதும் மேனேஜர் முள்ளைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க போறதா இருந்தா ரெண்டு பேரை இறக்கணும். யாரை இறக்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க" என்றது ஊரில் வெகுநாள் ஓடிய பேச்சு.

சங்குக்காரர் அப்போது அங்கே புல் வெட்டும் கூலி. வயது பத்தொன்பது. தும்பி வர ஆரம்பித்த மூன்றாம் மாதம், சைக்கிளில் குறுக்கே போன பால்காரரை அது இறங்கும்போது அடித்தது. பால்காரர் பாதித் தூரம் போனவர், சத்தம் கேட்டுப் பயந்து திரும்பி ஓடிவந்தார். நேராகப் போயிருந்தால் பிழைத்திருப்பார். தும்பியின் விசிறி அவரை என்ன செய்ததோ அதைப் பொறுக்கி எடுக்க மேனேஜர் ஒரு சாக்கைக் கொடுத்து இவரை அனுப்பினார். ஒரு சாக்கு போதவில்லை. இரண்டாவது சாக்கு கேட்டு அவர் திரும்பி நடந்துவந்தபோது, வாசலில் நின்ற கூட்டம் வழிவிட்டு ஒதுங்கியது. அன்றைக்குச் சாப்பிடவில்லை, மறுநாளும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கூரைமேல் சங்கு வைத்தார்கள். கையால் சுற்றுகிற சங்கு, கீழே கூடத்தின் பின்சுவரில் கைப்பிடி. மேனேஜர் அந்தக் கைப்பிடியை இவரிடம் கொடுத்தார். முதல் சங்கு, நீளமாக ஒன்று: பக்கத்து நகரத்திலிருந்து தும்பி கிளம்பிவிட்டது, இன்னும் அரைமணி இருக்கிறது, கடக்கிறவர்கள் சீக்கிரம் கடந்துவிடுங்கள். இரண்டாவது, நீளமாக இரண்டு: பத்து நிமிடம்தான், கிழவர்களும் சுமைக்காரர்களும் வேண்டாம். மூன்றாவது, விட்டுவிட்டுச் சின்னதாக மூன்று: புல்லில் நிற்கிறவன் புல்லிலேயே நில், தாரில் இருக்கிறவன் எந்தப் பக்கம் முகம் இருக்கிறதோ அந்தப் பக்கமே ஓடு, திரும்பாதே. விமானம் இறங்கி நின்ற பிறகுதான் மறுபடி கால் வைக்கலாம்.

சொன்னால் கேட்கிற ஊரா? மூன்றாவது சங்குக்குப் பிறகும் கடந்தார்கள். அவர் ஒரு மூங்கில்தடி வெட்டி முனையில் இரும்புப்பூண் போட்டுக்கொண்டார். அடித்தார். சும்மா மிரட்டுகிற அடி இல்லை, தோல் உரிகிற அடி. வாத்தியாரை அடித்தார், மில் மேஸ்திரியை அடித்தார், பஞ்சாயத்துத் தலைவரின் மகனைக் காலில் அடித்துப் புல்லில் உருட்டினார். "நீ என்ன போலீஸா?" என்று கேட்டவனுக்கு இன்னும் ஓர் அடி கூட விழுந்தது. ஊர் அவரைத் திட்டியது, "நமக்கெல்லாம் ஒருநாள் சங்கு ஊதப்போறவன்" என்று கிண்டலும் செய்தது. ஆனால் பால்காரருக்குப் பிறகு ஒருவரும் சாகவில்லை. ஐந்தாறு வருடத்தில் ஊரின் கால்கள் பழகிவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் முதல் சங்கு சரியாக இரண்டு மணிக்கு ஊதும். மில்லும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடமும் வேலை விடுகிற நேரமும் அதுதான். சங்கு கேட்டதும் மேற்கேயிருந்து நூறு பேர் தூக்குவாளிகளோடு ஓடிவருவார்கள். மூன்றாவது சங்குக்கு, பாதி தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்காமல் நிற்பார்கள்.

நிற்காத ஆள் ஒருவன்தான். அவருடைய மனைவியின் தம்பி.

மைத்துனன் நல்ல தச்சன். இருபத்துநாலு வயதில் ஆஸ்பத்திரிக்குக் கதவுநிலை ஒன்று செய்து, அதைத் தலையில் சுமந்துகொண்டு மூன்றாவது சங்குக்குப் பிறகு தாரில் இறங்கினான். சங்குக்காரர் ஓடிப்போய் அடித்தார். நிலை விழுந்தது. இரண்டாவது அடியைத் தடுக்க அவன் வலதுகையை நீட்டினான். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. அப்படியும் விடவில்லை, அந்தக் கையையே பிடித்துப் புல்லுக்கு இழுத்துப்போட்டார்.

"விமானம் மரத்து உசரத்துல வந்துடுச்சு" என்பது அவர் கட்சி. "ஈ அளவுக்குத் தெரிஞ்சுது. ஈ!" என்பது அவன் கட்சி. மேனேஜரைக் கேட்டபோது, தான் அந்த நேரம் தராசுப் பக்கம் இருந்துவிட்டதாகச் சொன்னார். கை கோணலாகக் கூடியது. இழைப்புளி பிடிக்கமுடியாது. மரமில்லில் இடதுகையால் மரத்தடிகளுக்குச் சுண்ணாம்புக் குறி போடுகிற வேலைக்குப் போனான். "மாமா" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். பேசவேண்டி வந்தால் "சங்குக்காரரே" என்பான். அன்றுமுதல் பதினோரு வருடமாக அவன் ஓடுபாதையை ஓடிக் கடந்ததில்லை. எந்தச் சங்கு ஊதினாலும் அதே நடை, கோயில் வாசலில் செருப்பைத் தேடுகிறவனைப்போல. அவர் தடியோடு போய் நிற்பார், அவன் கோணல் கையை முன்னால் நீட்டிக் காட்டுவான். தடி இறங்காது. தும்பி ஓட்டிகளுக்கும் பழகிவிட்டது, அவன் ஓரம் சேர்கிறவரை ஒரு வட்டம் கூடச் சுற்றுவார்கள்.

சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அக்கா, தம்பியோடு சேர்ந்துதான் வீடு திரும்புவாள். புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவே பதினோரு வருடம் சோறு போட்டவள். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் அறுக்குறீங்க, மில்லுல மரம் அறுக்கற மாதிரி" என்பாள்.

பிறகு மறுபடி ஒரு சண்டை வந்தது, வேறொரு பட்டாளம் வந்தது. முதல் வாரமே தும்பி நின்றது, மேனேஜர் குடும்பத்தோடு காணாமல் போனார். பெஞ்சுகளை உடைத்து அடுப்பெரித்தார்கள். கூடத்தின் இருபுறமும் மணல்மூட்டை அடுக்கி இரண்டு பெரிய துப்பாக்கிகளை வைத்தார்கள். கேப்டன் சங்கைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், ஓரத்தில் நின்ற சங்குக்காரரைப் பார்த்தார்.

"நீ இரு. மத்தவன்லாம் போ."

பகலில் குறுக்கே போக அனுமதி உண்டு. நான்காம் வாரம் ஓடுபாதையின் கிழக்கு, மேற்கு இரு வாசலிலும் பலகை நட்டார்கள். தாக்குதல் வந்தால் சங்கு ஒரு முறை நீளமாக ஒலிக்கும், எல்லோரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும், இரண்டு நிமிடத்துக்குப் பிறகு தார்மேல் இருப்பது எதுவானாலும் சுடப்படும் என்று அதில் எழுதியிருந்தது.

சங்குக்காரர் பலகையைப் படித்தார். நேரே கேப்டனிடம் போனார்.

"ஐயா, அந்த ஒத்தைச் சங்கு வேணாங்க. வேற ஏதாவது பண்ணலாம். மணி அடிக்கலாம்."

"ஏன்?"

"இந்த ஊர்ல ஒத்தைச் சங்குன்னா, ஓடி வா, நேரம் இருக்குன்னு அர்த்தம். இருபது வருஷப் பழக்கம். கேட்டதும் தாருக்குத்தான் ஓடி வருவாங்க."

"பலகைல எழுதியிருக்கே. உங்க ஊர்ல படிக்கத் தெரியாதா?"

"தலைக்குப் படிக்கத் தெரியும் ஐயா. காலுக்குத் தெரியாது."

பக்கத்தில் நின்ற தடித்த சிப்பாய் சிரித்தான். சங்குக்காரர் விடவில்லை. "வீட்டுக்குப் போன்னு போட்டிருக்கீங்க. அவங்க வீடு இந்தப் பக்கம். வேலை செய்யறது அந்தப் பக்கம். வீட்டுக்குப் போறதுன்னாலே தாரைத்தான் தாண்டணும்."

"அப்ப ரெண்டு நிமிஷத்துல தாண்டட்டும்" என்றார் கேப்டன். பேச்சு முடிந்தது.

அன்று மாலையே கிழக்குத் தெருவில் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். ஒத்தைச் சங்கு கேட்டால் இருந்த இடத்திலேயே இருங்கள், மில்லுக்குள்ளேயே இருங்கள் என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மில் மேஸ்திரி, "எங்களுக்கே சங்கு சொல்லித் தர்றியா? அதான் அடிச்சே சொல்லிக் குடுத்துட்டியே" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நான் நின்னுடுவேன். அவன்?"

"நீ சொல்லு."

"நான் சொன்னா, உங்க வாயால நான் பேசறேன்னுதான் நினைப்பான். பதினோரு வருஷமா நான் தூது போயாச்சு. போதும். நீங்களே போங்க."

போனார். மைத்துனன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வலது கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, இடதுகையால் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"என்ன சங்குக்காரரே, வழி தப்பிட்டீங்களா?"

"ஒரு விஷயம். சங்கு கேட்டா தாருக்கு வராதே. சுடுவாங்க."

"யாரு ஊதுவா?"

"நான்தான். என்னைத்தான் ஊதச் சொல்வாங்க."

"நீங்க ஊதுவீங்க, நான் நிக்கணும்." எண்ணெய்க் குப்பியை மூடினான். "உடம்புல இன்னொரு கை இருக்குல்ல, அதுக்குத்தானே வந்திருக்கீங்க?"

"டேய், விளையாட்டு இல்லடா. துப்பாக்கிடா அது."

"விமானத்தைக் காட்டி அன்னைக்குப் பயமுறுத்தினீங்க. இப்ப துப்பாக்கி. அன்னைக்கும் என் உசுரைக் காப்பாத்தத்தான் கையை உடைச்சேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. ஒருதடவை, ஒரே ஒருதடவை, தப்புன்னு சொன்னீங்களா?"

சங்குக்காரர் வாயைத் திறந்தார். விமானம் மரத்து உயரத்தில் வந்துவிட்டது என்றுதான் வந்தது. அதுதான் அவருக்குத் தெரிந்த உண்மை. மைத்துனன் சைக்கிளை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள் ஒரு செவ்வாய். இரண்டு மணிக்குச் சற்று முன் வடக்கு முனையில் வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, மூன்றாவது. புகையும் மண்ணும் எழுந்தன. கேப்டன் கூடத்துக்குள் ஓடிவந்து, "ஊது!" என்றார்.

சங்குக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு அடிக்க மூன்று நிமிடம். மில்லில் கைகழுவிக்கொண்டிருப்பார்கள்.

"பத்து நிமிஷம் போகட்டும் ஐயா. எல்லாரும் கிளம்பற நேரம். இப்ப ஊதினா மொத்த மில்லும் தார்மேல இருக்கும்."

"ஊதுடா!"

அவர் கைப்பிடியின் முன்னால் போய் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றார். தடித்த சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் அடித்தான். மூக்கெலும்பு உள்ளே போனது. இரண்டாம் அடி விலாவில். அவர் விழுந்தும் வலதுகையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே தொங்கினார். சிப்பாய் அந்த விரல்களைக் கட்டையால் குத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று கைப்பிடியின் இரும்போடு சேர்த்து நசுக்கினான். அவர் கை தானாகக் கழன்றது. அவரைக் காலால் உதைத்து ஒதுக்கிவிட்டு, சிப்பாய் தானே கைப்பிடியைச் சுற்றினான்.

நீளமாக ஒரு சங்கு.

தரையில் கிடந்தபடியே திறந்த கதவு வழியாக அவர் பார்த்தார். மேற்கு வாசலில் முதலில் நான்கு பேர், பிறகு பத்து, பிறகு மொத்தக் கூட்டம். தூக்குவாளிகள் ஆட, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலகையைத் தாண்டி, புல்லைத் தாண்டி ஓடிவந்தார்கள். கிழக்கேயிருந்தும் சிலர், பிள்ளைகளைத் தேடி எதிரே ஓடினார்கள். வெடிக்குப் பயந்த கால்கள் பழகிய பக்கம் ஓடின. மணல்மூட்டைப் பின்னால் கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிப்பாய் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

சங்குக்காரர் முழங்காலில் நகர்ந்தார். வாயிலும் மூக்கிலும் ரத்தம் ஒழுகித் தரை வழுக்கியது. சுவரைப் பிடித்து எழுந்தார். வலதுகை உதவவில்லை. இடதுகையால் கைப்பிடியைப் பற்றி, மொத்த உடம்பையும் அதன்மேல் போட்டு இழுத்தார். ஒன்று. நிறுத்தினார். இரண்டு. நிறுத்தினார். மூன்று.

கூட்டம் நின்றது. புல்லில் ஓடிவந்த எண்பது பேரும் கயிற்றால் இழுத்துப் பிடித்ததுபோல் நின்றார்கள். முன்னால் ஓடியவர் முதுகில் பின்னால் வந்தவர் மோதி, அவரும் நின்றார். தாரில் இருந்தவர்கள் முகம் பார்த்த பக்கமே தலைதெறிக்க ஓடினார்கள். தார் காலியாகிக்கொண்டு வந்தது. அவர் மனைவி புல்லும் தாரும் சேருகிற விளிம்பில் நின்றாள். நின்றபடி தம்பியின் சட்டையைப் பிடித்திருந்தாள்.

அவன் சட்டையை உதறிவிட்டு நடந்தான்.

ஓடவில்லை. கோணல் கை விலாவோடு ஒட்டியிருக்க, கூடத்தின் கதவைப் பார்த்தபடி, எப்போதும்போல் நடந்தான். மனைவி கத்துவது அவருக்கு இங்கே கேட்டது. சொல் புரியவில்லை. சங்குக்காரர் கதவுக்கு ஓடிவந்து, "ஓடுடா! ஓடுடா டேய்!" என்று கத்தினார். மூக்கிலிருந்த ரத்தம் தொண்டைக்குள் இறங்கி இருமலாகத்தான் வந்தது. அவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அதைப் பார்த்தபிறகு அவன் இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தான் என்றுதான் அவர் கடைசிவரை நம்பினார். அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

கேப்டன் கையை இறக்கினார். இரண்டு துப்பாக்கிகளும் ஒரே நேரத்தில் சுட்டன. தாரில் மிச்சமிருந்தவர்கள் ஐந்து பேர். செருப்பு கழன்று குனிந்த சலவைக்காரி ஒருத்தி, அவளைத் தூக்கப்போன அவள் புருஷன், நொண்டி நடக்கிற மில் காவலாளி, அவனுக்கு நாலடி முன்னால் மேஸ்திரி, பிறகு மைத்துனன். முதலில் விழுந்தது அவன்தான். தொடையில் பட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கப் பார்த்தான். இரண்டாவது குண்டுவரிசை மார்பைக் கிழித்துக்கொண்டு போனது. மேஸ்திரியின் தூக்குவாளி மட்டும் வெகுதூரம் உருண்டது.

நான்கு மணிக்குத்தான் உடல்களை எடுக்க விட்டார்கள். ஓர் உடலுக்கு நாலு பேர், ஐந்து நிமிடம். மணல்மூட்டைமேல் நோட்டை வைத்து ஒரு சிப்பாய் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். சங்குக்காரரின் விரல்களில் துணி சுற்றியிருந்தது, முகம் பூசணியாக வீங்கியிருந்தது. மனைவி மேற்கேயிருந்து வந்து தம்பியின் தலைமாட்டில் நின்றாள்.

"இவன் உங்களுக்கு என்ன வேணும்?" என்று நோட்டுக்காரன் அவரைக் கேட்டான்.

அவர் சொல்வதற்குள் அவள் சொன்னாள். "எனக்குத் தம்பி. இந்த ஆளுக்கு ஒண்ணும் வேணாம்."

நோட்டுக்காரன் எழுதிக்கொண்டான்.

கூடத்துக் கதவு ஒன்றைக் கழற்றிக் கொடுத்திருந்தார்கள். அதில் கிடத்தினார்கள். அவள் தலைப்பக்கம், அவர் கால்பக்கம். தூக்கிப் பத்துத் தப்படி போவதற்குள் அவர் வலதுகை நழுவிக் கதவு சரிந்தது. உடல் தாரில் புரண்டது. மறுபடி கிடத்தித் தூக்கினார்கள், மறுபடி சரிந்தது. கிழக்குப் புல்லில் ஊர் நின்றுகொண்டிருந்தது. எழுபது எண்பது பேர், வாத்தியார், ஜவுளிக்கடைக்காரர், பக்கத்து வீட்டு அண்ணன்தம்பிகள். ஐம்பது தப்படி தூரம்கூட இல்லை.

"யாராவது ஒரு கை புடிங்கப்பா!" என்று கத்தினார்.

யாரும் அசையவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு காலை முன்னால் எடுத்தான். தாரைப் பார்த்தான், கூரைமேல் இருந்த சங்கைப் பார்த்தான், காலைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டான். மூன்றாவது சங்கு ஊதி இரண்டு மணிநேரம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு விமானம் எதுவும் இறங்கவில்லை.

"அட, வாங்கடா! எதுவும் வரல! நான் சொல்றேன், வாங்கடா!"

"கத்தாதே" என்றாள் அவள். இத்தனை வருடத்தில் அவரிடம் அவள் ஒருமையில் பேசியது இதுதான் முதல்முறை. "வரமாட்டாங்க. அடிச்சு அடிச்சு அப்படித்தானே பழக்கி வெச்சிருக்கே. குனி. தூக்கு."

அவர் குனிந்தார்.